வலிக்காத ஒன்றை ஏன் அளக்க வேண்டும்?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி எமது பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க சில விபரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது பேச்சுப் போட்டிக்காக. மூன்று நிமிடத்தில் மணி அடித்து இறக்கிவிட்டார்கள். இன்று மணி அடிக்க ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் ஆறுதலாகவே கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி வலைப்பந்து அணியில் இருந்தாள். அவளை இங்கே பலருக்கு நினைவிருக்கும். பெயர் சொல்லமாட்டேன், ஆனால் கதையைச் சொல்வதற்கு அவளே சம்மதம் தந்திருக்கிறாள். "சொல்லு, என்னைப் போல இன்னொருத்தி இருக்கக்கூடாது" என்றாள். இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். மெலிந்த உடம்பு. சைவச் சாப்பாடு. 43 வயதில் செய்த பரிசோதனையில் அவளுடைய எல்.டி.எல் 178 என்று வந்தது. குடும்ப வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் போட்டாள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "கொலஸ்ரரோல் என்பதே மருந்துக் கொம்பனிகளின் கட்டுக்கதை." அதோடு நிறுத்திவிட்டாள். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, பிறகேன் குளிசை?" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

46 வயதில் ஒருநாள் விடியற்காலை நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கம். தாடை உளைந்தது. வியர்த்தது. ஓங்காளித்தது. வாய்வு என்று நினைத்து இஞ்சித் தேநீர் போட்டுக் குடித்தாள். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சாப்பாடு கட்டினாள். நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் அம்புலன்ஸ் அழைத்தார்கள். மாரடைப்பு. இரண்டு ஸ்ரென்ற் வைத்து உயிர் காப்பாற்றப்பட்டது. ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது. அன்று வலைப்பந்து மைதானத்தில் ஓடித் திரிந்தவளுக்கு இன்று இரண்டாம் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அவளைப் பற்றிக் கதைப்பது எனக்கு எளிது. என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொலஸ்ரரோல் எதற்கு?

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொலஸ்ரரோல் நஞ்சு அல்ல. அது இல்லாமல் நாங்கள் உயிர்வாழ முடியாது. உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது இருக்கிறது. ஈஸ்ரஜன் போன்ற ஓமோன்களும், விற்றமின் டியும், கொழுப்பைச் சமிக்க உதவும் பித்தமும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. இவ்வளவு முக்கியமான பொருள் என்பதால் உடம்பு அதைச் சாப்பாட்டை நம்பி விடவில்லை. பெரும்பங்கை ஈரலும் மற்றக் கலங்களும் தாங்களே உற்பத்தி செய்துகொள்கின்றன. "நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை, எனக்கு எப்படிக் கொலஸ்ரரோல்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதிலின் முதற்பாதி. மறுபாதி குசினியில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கொலஸ்ரரோல் கொழுப்பு வகைப் பொருள். குருதியோ நீர்த்தன்மையானது. எண்ணெய் தண்ணீரில் கரையாததுபோல இதுவும் கரையாது. ஆகவே புரதம் கலந்த சிறு துணிக்கைகளுக்குள் வைத்து உடம்பு அதைக் கொண்டு திரிகிறது. அந்தத் துணிக்கைகளில் ஒரு வகைதான் எல்.டி.எல். இன்னொரு வகை எச்.டி.எல். சோதனைத் தாளில் இருக்கும் ரைகிளிசரைட் என்பது வேறொரு கொழுப்பு. சாப்பிட்டு மிஞ்சிய சக்தியை உடம்பு சேமித்து வைக்கும் வடிவம் அது.

எல்.டி.எல் எங்கே போய்ச் சேரும்? பெரும்பாலும் ஈரலுக்குத் திரும்பும். ஈரற் கலங்களின் வெளிப்புறத்தில் எல்.டி.எல்லை உள்ளே எடுப்பதற்கென்றே வாங்கிகள் இருக்கின்றன. அவற்றை எங்கள் ஊர் வளவுகளில் இருக்கும் படலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படலைகள் போதியளவு திறந்திருந்தால் எல்.டி.எல் வீட்டுக்குள் போய்விடும். படலைகள் குறைந்தால் அது ஒழுங்கையிலேயே சுற்றித் திரியும். சுற்றித் திரிவது நாளடைவில் நாடிகளின் உட்சுவருக்குள் புகுந்து படியும். இந்த வாங்கிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் ஆகிய இருவருக்கும் 1985 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் படலையை நினைவில் வைத்திருந்தால் இனி நான் சொல்லப்போகும் பல விடயங்கள் தானாகவே விளங்கும். நிரம்பிய கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் படலைகள் குறையும். தைரொயிட் சுரப்பு குறைந்தால் படலைகள் குறையும், ஆகவேதான் எல்.டி.எல் உயர்ந்த பெண்ணுக்குத் தைரொயிட் சோதனையும் செய்கிறோம். ஈஸ்ரஜன் படலைகளைக் கூட்டிவைக்கும். ஆகவேதான் மாதவிடாய் நின்ற பிறகு, சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாத பெண்ணின் எல்.டி.எல்லும் ஏறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே படலைகளில் பாதி வேலை செய்வதில்லை. அவர்களுக்கு ஏன் இளவயதிலேயே நெஞ்சுவருத்தம் வருகிறது என்பதும் இதனால்தான்.

அடைபடும் குழாய் அல்ல

பலர் நினைப்பது, நாடி என்பது தண்ணீர்க் குழாய் போலவும், அதில் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி ஒருநாள் முற்றாக அடைபடுகிறது என்பதும். அது அரைவாசிதான் உண்மை. எல்.டி.எல் படிவது குழாயின் மேற்பரப்பில் அல்ல, சுவருக்குள்ளே. அங்கே அழற்சி உண்டாகிறது. ஒரு கட்டுப் போலக் கொழுப்புப் படிவு வளர்கிறது. பெரும்பாலான மாரடைப்புகளில் அந்தப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து, சில நிமிடங்களில் நாடி அடைபடுகிறது. அதனால்தான் முதல்நாள் மாலை நன்றாக இருந்தவர் மறுநாள் காலை இல்லாமற் போகிறார். "நேற்றுக்கூடக் கதைச்சனான்" என்று செத்தவீட்டில் சொல்கிறோமே, அதன் மருத்துவ விளக்கம் இதுதான்.

இன்னொன்று, இது ஒரே நாளில் நடக்கும் காரியம் அல்ல. கடனுக்கு வட்டி ஏறுவதுபோல, எல்.டி.எல் எவ்வளவு உயரம், எத்தனை வருடம் என்ற இரண்டும் பெருகித்தான் படிவு வளர்கிறது. 30 வயதிலிருந்து 160 உடன் இருப்பவரும், 60 வயதில்தான் 160 ஐ எட்டியவரும் ஒரே நிலையில் இல்லை. ஆகவே "வயது போகட்டும், பார்ப்பம்" என்பது வட்டியை ஏறவிட்டுப் பார்ப்பதுதான்.

ஏன் எங்களுக்கு?

52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் பங்குகொண்டது. அந்த ஆய்வின் தரவுகளின்படி தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59. ஆறு வருடங்கள் முந்திவிடுகிறோம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. குருதிக் கொழுப்பின் சீர்கேடு, புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், தொப்பை, மன அழுத்தம், மரக்கறி பழம் குறைந்த உணவு, உடற்பயிற்சியின்மை உட்பட ஒன்பது விடயங்களே பத்தில் ஒன்பது மாரடைப்புகளுக்குப் பின்னால் நின்றன. பெண்களில் இது 94 வீதம். விதி என்று நாங்கள் கைவிரிக்க இடமே இல்லை.

எங்கள் மக்களிடம் அடிக்கடி காணும் கோலம் ஒன்று உண்டு. எல்.டி.எல் மிக உயரமாக இராது, ஆனால் எச்.டி.எல் குறைவு, ரைகிளிசரைட் கூட, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு, பக்கத்திலேயே நீரிழிவு. மெலிந்த கை கால்களுடன் வயிறு மாத்திரம் முன்னுக்கு வந்திருக்கும். எங்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களில் 80 சென்றிமீற்றருக்குள் இருக்க வேண்டும். உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். வெள்ளையர்களுக்குச் சொல்லப்படும் 25 எங்களுக்குப் பொருந்தாது.

பெண்களாகிய எங்களுக்கு மேலதிகமாகச் சில உண்டு. கர்ப்பகாலத்தில் குருதியமுக்கமோ சீனியோ கூடியிருந்ததா? சூலகத்தில் கட்டிகள் என்று சொல்லி மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்ததா? 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றதா? பிள்ளை பிறந்து 20 வருடம் ஆனதும் இவற்றை நாங்கள் மறந்துவிடுகிறோம். இதயம் மறப்பதில்லை. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

சோதனைத் தாளை எப்படி வாசிப்பது?

இலங்கையில் இந்தச் சோதனைக்கு வழமையாக 10 முதல் 12 மணித்தியாலம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள், தண்ணீர் குடிக்கலாம். பல நாடுகளில் இப்போது சாப்பிட்ட பிறகும் எடுக்கிறார்கள். ரைகிளிசரைட் மிக உயர்ந்திருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் எடுக்கிறார்கள். இரண்டும் சரியே.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு குழப்பம் உண்டு. அம்மாவின் தாளில் 130 என்றும் தன் தாளில் 3.4 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இங்கே மில்லிகிராம் கணக்கு. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் மில்லிமோல் கணக்கு. கொலஸ்ரரோல் வகைகளுக்கு மில்லிமோலை 38.7 ஆல் பெருக்குங்கள், ரைகிளிசரைட்டுக்கு 88.6 ஆல் பெருக்குங்கள். இந்தக் கணக்கைக்கூடச் செய்ய முடியாது என்றால் எங்கள் கணித ஆசிரியை கவலைப்படுவார்.

எல்.டி.எல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே "நோர்மல்" கிடையாது. வேறு ஆபத்துகள் அதிகம் இல்லாதவருக்கு 100 ஐ ஒட்டி இருப்பது நல்லது. நீரிழிவு போன்ற கூடிய ஆபத்து உள்ள பலருக்கு 70 க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவருக்கு இன்னும் கீழே, 55 க்குள் கொண்டுவரவே இன்றைய ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஆகவே ஆய்வுகூடம் தாளின் ஓரத்தில் அச்சடித்து வைத்திருக்கும் எல்லையைப் பார்த்து, "நோர்மலுக்குள்ளதான் இருக்கு" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். என் தோழியின் 178 உம் அந்த ஓரக்குறிப்பில் "சற்று உயர்வு" என்றுதான் இருந்தது.

ரைகிளிசரைட் 150 க்குள் இருக்க வேண்டும். 500 ஐத் தாண்டினால் கணையத்தில் அழற்சி வரும் அபாயமும் சேர்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும். எச்.டி.எல் பெண்களில் 50 க்கு மேல் இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அதை மருந்தால் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எனவே "என்ரை நல்ல கொலஸ்ரரோல் 70, கூடாத கொலஸ்ரரோலை அது பார்த்துக்கொள்ளும்" என்று நம்பியிருக்க முடியாது.

குசினிக்குள் வருவோம்

தேங்காயைப் பற்றிச் சொல்லாமல் என்னை இந்த மண்டபத்திலிருந்து வெளியே விடமாட்டீர்கள். தேங்காயில் கொலஸ்ரரோல் துளியும் இல்லை, அது தாவரம். ஆனால் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அது ஈரலின் படலைகளைக் குறைக்கிறது. மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லைக் கூட்டியது, எச்.டி.எல்லையும் கொஞ்சம் கூட்டியது. முன்னதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

"எங்கட அம்மம்மா தேங்காய்ப்பாலிலதான் சமைச்சவ, 90 வயது வரை இருந்தவ" என்பீர்கள். உண்மை. அம்மம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளினா, உரலில் மா இடித்தா, சந்தைக்கு நடந்து போய் வந்தா. ஒரு தேங்காயை வீடு நிறைந்த சனத்துக்குப் பங்கிட்டா. நாங்கள் இரண்டு பேருக்கு ஒரு தேங்காய் உடைத்து, முதற்பாலில் குழம்பு வைத்து, காரில் போய் வருகிறோம். அம்மம்மாவின் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு அவவின் உழைப்பை விட்டுவிட்டோம்.

தேங்காயை விலக்கச் சொல்லவில்லை. சொதியைக் கப்பிப்பாலில் வையுங்கள். முதற்பாலைக் கடைசியில் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். கொழுப்பு முதற்பாலில்தான் கூட. மூன்று கறியில் ஒன்றுக்கு மாத்திரம் பால் விடுங்கள். தாளிக்க எங்கள் ஊர் நல்லெண்ணெயே போதும். அதில் பெரும்பங்கு நிரம்பாத கொழுப்பு. ஆனால் எந்த எண்ணெயும் அளந்து ஊற்றும் பண்டம்தான். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை நிறுத்துங்கள். பின்னேரத் தேநீரோடு வரும் ரோல்ஸ், பற்றிஸ், வடை ஆகியன நாளாந்தச் சாப்பாடு ஆகக்கூடாது.

முழு ஆடைப் பால்மாவை நாளுக்கு மூன்று தேநீருக்குப் போடுகிறோம். கேக்குக்கு மாஜரின், புக்கைக்கு நெய். சைவச் சாப்பாட்டுக்காரரின் எல்.டி.எல் ஏறும் வழிகள் இவைதான். மறுபக்கத்தில், முட்டையையும் இறாலையும் கண்டு பயப்படுவது தேவைக்கு அதிகம். அவற்றில் கொலஸ்ரரோல் இருக்கிறது. ஆனால் குருதியிலுள்ள எல்.டி.எல்லைக் கூட்டுவதில் நிரம்பிய கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை; நீரிழிவோ நெஞ்சுவருத்தமோ உள்ளவர்கள் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். இறாலைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

ரைகிளிசரைட்டின் கதை வேறு. அதை ஏற்றுவது பெரும்பாலும் கோப்பை நிறையச் சோறு, பிட்டு, இடியப்பம், பாண், சீனி, மதுபானம். பனங்கட்டி ஊர்ச் சாமான்தான். ஆனால் உடம்புக்கு அதுவும் சீனியே. கோப்பையில் பாதியை மரக்கறியாலும் கீரையாலும் நிரப்புங்கள். மிச்சத்தில் ஒரு பாதி பருப்பு, பயறு, கடலை அல்லது மீன். மற்றப் பாதி சோறு. சூடை, சாளை, சூரை போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள மீன்கள் நல்லவை. பயறு, கடலை, வெண்டிக்காய், ஓட்ஸ் ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்த பித்தத்தை ஈடுசெய்ய ஈரல் மேலும் கொலஸ்ரரோலை உள்ளே எடுக்க வேண்டும். ஆகவே படலையைத் திறக்கிறது.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். மூச்சு சற்று வாங்க வேண்டும். கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவு. இது ரைகிளிசரைட்டையும் தொப்பையையும் நன்றாகக் குறைக்கும், எல்.டி.எல்லைக் கொஞ்சம்தான் குறைக்கும். உணவு, நடை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் எல்.டி.எல் இறங்கவில்லை என்றால் அது உங்கள் குற்றம் அல்ல. அந்த இடத்தில்தான் மருந்து வருகிறது.

குளிசை

1970 களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சணங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கொலஸ்ரரோல் உற்பத்தியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டுபிடித்தார். இன்றைய ஸ்ரற்றின் மருந்துகளின் மூதாதை அதுதான். ஸ்ரற்றின் ஈரலின் உற்பத்தியைக் குறைக்கும், ஈரல் தன் தேவைக்காக மேலும் படலைகளைத் திறக்கும், குருதியிலுள்ள எல்.டி.எல் உள்ளே போகும். 1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஸ்ரற்றின் எடுத்தவர்களில் இறப்பு 30 வீதம் குறைந்திருந்தது. அதன் பின் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்.டி.எல் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய தாக்கங்கள் ஐந்தில் ஒன்றளவு குறைவது தெரிந்தது.

பக்கவிளைவு இல்லையா? உண்டு. சிலருக்குத் தசை நோகும். மிக அரிதாகத் தசை பாதிப்பு கடுமையாகலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு வர வேண்டும். நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சீனி கொஞ்சம் முந்தி வரலாம். அப்படியிருந்தும் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் 2022 இல் வெளியான பெரும் தொகுப்பாய்வு ஒன்றில், ஸ்ரற்றின் எடுத்தவர்கள் சொன்ன தசை நோவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த மருந்தால் வந்ததல்ல என்று தெரியவந்தது; வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதேயளவு நோவு இருந்தது. நோகிறது என்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல பொருள். நோவுக்கு வேறு காரணம் இருக்கலாம். நிறுத்தும் முன் வந்து கதையுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், எசெற்றிமைப் சேர்க்கலாம், தேவையானவர்களுக்கு ஊசி மருந்துகளும் இன்று உண்டு.

சில நடைமுறை விடயங்கள். சிம்வாஸ்ரற்றினை இரவில் போடுங்கள்; அற்றோவாஸ்ரற்றினையும் ரொசுவாஸ்ரற்றினையும் எந்த நேரமும் போடலாம், நேரம் ஒன்றாக இருந்தால் போதும். பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தமாகும் தங்கைமார் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். பொதுவாக அக்காலத்தில் ஸ்ரற்றினை நிறுத்திவைக்கிறோம். தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது எல்.டி.எல் இறங்கியிருந்தால் "சுகம் வந்திட்டுது" என்று நிறுத்தக்கூடாது. குடையைப் பிடித்திருப்பதால்தான் நனையவில்லை. மழை விட்டுவிட்டது என்று பொருளில்லை.

வெளிநாட்டில் இருந்து அம்மா அப்பாவுக்குக் குளிசை அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டின்போது நீங்கள் அனுப்பியவை பல உயிர்களைக் காத்தன. ஆனால் என் கிளினிக்கில் ஓர் அம்மா அரசாங்க அற்றோவாஸ்ரற்றின் ஒன்றும், மகள் அனுப்பிய வேறு பெயருள்ள பெட்டியிலிருந்து ஒன்றுமாக மாதக்கணக்கில் இரண்டும் போட்டுக்கொண்டிருந்தா. "அது கொலஸ்ரரோலுக்கு, இது மகள் அனுப்பினது" என்றா. பெட்டியிலுள்ள வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அனுப்பும் முன் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

என் வீட்டுக் கதை

1993 இல், நான் இந்தப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலம், அப்பா சைக்கிளில் மண்ணெண்ணெய் தேடிப் போய்விட்டு வந்து எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தவர் அதடியிலேயே இருந்துவிட்டார். அவருக்கு 48 வயது. பொருளாதாரத் தடைக் காலம். வண்டி பிடித்துக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. "கஷ்டப்பட்ட மனுசன், யோசிச்சு யோசிச்சே போயிட்டார்" என்றார்கள். நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

பிறகு நான் வைத்தியரானேன். நூற்றுக்கணக்கானோருக்கு இந்தச் சோதனையை எழுதினேன். எனக்கு எழுதவில்லை. மெலிந்தவள், இளவயது, வேலை அதிகம் என்று சாட்டுகள். 41 வயதில் சகவைத்தியர் ஒருவர் ஏசியதால் செய்தேன். எல்.டி.எல் 212.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் அண்ணன் 50 வயதில், அவர்களின் தகப்பன் 52 வயதில், இருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனவர்கள். "உங்கட பரம்பரையில ஆம்பிளையளுக்கு ஆயுள் இல்லை எண்டு சொல்லுவினம்" என்றா அம்மா. ஆயுள் இல்லாமல் இல்லை. படலைகள் பாதிதான் இருந்தன. பரம்பரை உயர் கொலஸ்ரரோல் என்னும் இந்நிலை உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. மருந்தில்லாமல் எல்.டி.எல் 190 ஐத் தாண்டினால், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், குதிக்கால் தசைநாண் தடித்திருந்தால், 45 வயதுக்கு முன் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால், இதை நினைக்க வேண்டும். பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு.

தம்பி வெளிநாட்டில். ஆறு மாதம் சாட்டுச் சொன்னான். "எனக்குத் தெரிஞ்சா கவலைதானே அக்கா" என்றான். "அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது. யாருக்குக் கவலை குறைஞ்சது?" என்று கேட்டேன். அடுத்த வாரம் சோதித்தான். 198. இன்று மருந்து எடுக்கிறான். அப்பாவின் வயதைக் கடந்த முதல் பிறந்தநாளை அவன் கொண்டாடுவான் என்று நம்புகிறேன். என் இரண்டு பிள்ளைகளில் மூத்தவளுக்கு இல்லை. இளையவனுக்கு இருக்கிறது. 10 வயதிலிருந்து சிறுவர் வைத்திய நிபுணரின் மேற்பார்வையில் மருந்து எடுக்கிறான். வருத்தம்தான். ஆனால் அவன் தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது: காலம்.

செய்ய வேண்டியவை

இலங்கையில் இருப்பவர்கள் 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்குக்கோ அரசாங்க வைத்தியசாலையின் சுகவாழ்வு நிலையத்துக்கோ போங்கள். கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல்நலச் சோதனை உண்டு. கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். மற்ற நாடுகளில் உங்கள் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். பரம்பரையில் இளவயது மாரடைப்பு இருந்தால் எந்த வயதிலும் கேளுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடை, தோள், முதுகு உளைவு, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டு, ஓங்காளம் ஆகியவை பத்து நிமிடத்துக்குள் விடாவிட்டால் வாய்வு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இலங்கையில் 1990 இற்கு அழையுங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி காத்திருக்கும்.

இன்று இரவு வீட்டுக்குப் போய், அல்லது தொலைபேசியில், உங்கள் குடும்பத்தில் மிகவும் மூத்த பெண்ணிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் ஆட்களில் யார் யார் எத்தனை வயதில், எப்படிப் போனார்கள்? ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீடுகளில் அந்தக் கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். நான் அம்மாவிடம் அதைக் கேட்க 41 வயது வரை காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

என் தோழி இந்த விழாவுக்கு வர முடியவில்லை. அடுத்த வருடம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். குளிசையை ஒழுங்காக எடுக்கிறாள், எல்.டி.எல் இப்போது 52. தாளைப் படமெடுத்து எங்கள் வகுப்புக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். முன்பு அவளுக்கு அந்தக் கட்டுக்கதைச் செய்தி வந்ததும் இதே குழுவில்தான். அன்று அதற்குப் பதில் எழுதாமல் நான் பேசாமல் இருந்தேன். இன்றைய உரை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.